பனிமலைக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?

(ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர், விஜயபுரம்)

பனிமலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் கேட்பீர்கள். விஜயபுரத்தில் மார்கழி விடியற்காலையில் தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும், குளிர் போய்விடும். நமக்குத் தெரிந்த மலை நகரி மூக்கு மலை. அதன்மேல் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் துளிதான். மார்கழிப் பனிக்கும் இமயமலைப் பனிக்கும் நம் மொழியில் ஒரே சொல்லாக இருப்பதற்குக் காரணம், இரண்டாவதை நம் முன்னோர் கண்ணால் பார்க்க நேராததுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது. வேலூர், ஆர்க்காடு, திருவண்ணாமலைப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கும் விசைத்தறிக்கும் கடை வியாபாரத்துக்குமாக இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் நாம். நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் புத்தூரிலும் திருப்பதியிலும் பொறியியல் படிக்கிறார்கள், சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி விடுமுறை வந்தால் கூட்டமாகக் கிளம்பி உத்தரகாண்டில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போய்வருகிறார்கள். உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி என்ற ஊரிலிருந்து நடை, உச்சி சுமார் 12,500 அடி. அழைத்துப் போகும் நிறுவனங்கள் கூடாரம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் ஏற்பாடு செய்துவிடுகின்றன. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த ஆண்டு அவர்களில் ஆறு பேர் அடுத்த படிக்குப் போக நினைக்கிறார்கள். நிறுவனம் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், நண்பர்களாகவே கயிறும் பனிக்கோடரியும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு குளிர்காலத்தில் ஒரு பனி ஓடையில் ஏறி இறங்குவது என்பது திட்டம். ஆறு பேரில் இருவர் பெண்கள். பெற்றோரில் பாதிப் பேர் கூடவே கூடாது என்கிறார்கள், மீதிப் பேர் ஆசைப்படுகிறார்கள், போகட்டும் என்கிறார்கள். ஒரு தாயார் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா அவன் கேட்பான்" என்றார். என் கருத்தை எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் பனிமலைக்குப் போகட்டும். ஆனால் இப்படிப் போகவேண்டாம், இந்தக் குளிர்காலத்தில் போகவேண்டாம்.

பனி ஓடை என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கோனை என்கிறோமே, கைலாசக் கோனை, சதாசிவக் கோனை, அங்கே தலக்கோனை, அந்தக் கோனையை நன்றாகக் குறுக்கி, ஏணி போல நிமிர்த்தி, தண்ணீருக்குப் பதிலாகப் பனியை நிரப்பினால் அதுதான். ஆங்கிலத்தில் கல்லி என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் வெள்ளைப் பாதை. பார்ப்பதற்கு மலை உச்சிக்குப் போட்ட ராஜபாட்டை மாதிரி இருக்கும். ஏறுகிறவர்களை இழுப்பதும் அந்த அழகுதான்.

கோனையைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒன்று அங்கேயும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் நாகலாபுரம் மலைக்கோ தடா பக்கத்து உப்பலமடுகு அருவிக்கோ போகிறவர்களை ஊர்க்காரர்கள் ஏன் தடுக்கிறார்கள்? கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை ஒரே மூச்சில் கோனைக்குள் இறங்கிவிடும். மலையின் அகன்ற தோளில் விழுவதெல்லாம் சேர்ந்து வரும் வழி அது. பனி ஓடையும் அப்படித்தான். மேலிருந்து கல் உருண்டால் ஓடை வழியாகத்தான் வரும். விளிம்பில் காற்று கட்டிவைத்த பனிக்கூரை உடைந்தாலும் அதே வழிதான். ஏறுகிறவனுக்கு அது பாதை, மலைக்கு அது வடிகால்.

நான் இதையெல்லாம் விளக்கியபோது அந்தக் குழுவில் ஒரு பையன், கெட்டிக்காரன், "பெரியப்பா, போன வருஷமே பனியில நடந்துட்டோம். இது அதைவிடக் கொஞ்சம் செங்குத்து, அவ்வளவுதானே?" என்று கேட்டான். அந்தக் 'கொஞ்சம் செங்குத்து' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ரயில்வேயில் என் வேலை தண்டவாளப் பாதையைப் பராமரிப்பது. மண்ணும் ஜல்லியும் எந்தச் சரிவில் நிற்கும், எந்தச் சரிவில் வழுக்கும் என்பதுதான் அந்த வேலையின் அரிச்சுவடி. மண்கரை போடும்போது 2க்கு 1 என்று சரிவு கொடுப்போம், அதாவது ஏறத்தாழ 27 டிகிரி. ஏன் அந்த அளவு? அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் கரை சரிந்துவிடும். பனிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 30 டிகிரிக்குக் குறைந்த சரிவில் பனி பெரும்பாலும் நகராமல் கிடக்கும். 50, 55 டிகிரிக்கு மேல் போனால் பனி தங்குவதே இல்லை, விழ விழச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே 30 முதல் 45 டிகிரி வரையில்தான் ஆபத்து. தங்கும் அளவுக்குச் சாய்வு, நழுவும் அளவுக்கும் சாய்வு. நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்து, ஒரு நாள் மொத்தமாக வந்துவிடும். எளிய பனி ஓடைகள் பலவும் சரியாக இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. கேதார்காந்தாவுக்குப் போகும் வழக்கமான பாதையின் பெரும்பகுதி அப்படியல்ல. 10 டிகிரி கூடியதால் ஏறுவதற்குக் கால் கூடுதலாக வலிக்கும் என்று அந்தப் பையன் நினைக்கிறான். உண்மையில் அவன் வேறொரு சட்டம் நடக்கும் இடத்துக்குப் போகிறான்.

இன்னொன்றும் உண்டு. வெட்டுப்பாதைகளில் மண் சரிவது பெரும்பாலும் மேல்மண்ணின் குற்றமாக இருக்காது. உள்ளே ஒரு களிமண் படுகை ஊறிப்போய் வழவழவென்று இருக்கும், அதன்மேல் இருப்பதெல்லாம் பலகை மாதிரி வழுக்கி வரும். பனியும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு படுகையாகத்தான் விழுகிறது. நடுவில் ஒரு படுகை சர்க்கரை போலப் பொலபொலவென்று இருந்தால் மேலே உள்ள பனிப்பலகைக்குப் பிடிமானம் இல்லை. ஒரு மனிதன் அதன்மேல் கால் வைப்பது போதும். பனிச்சரிவில் சிக்கியவர்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வது நம்மைத் திடுக்கிட வைக்கும்: பத்தில் ஒன்பது சரிவுகளை அதில் சிக்கியவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான் கிளப்பிவிடுகிறார்கள். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. எந்த ஹெலிகாப்டரும் அரை மணியில் வராது. காப்பாற்றினால் பக்கத்தில் நிற்கும் நண்பன்தான் காப்பாற்ற வேண்டும், அதற்கு அவனுக்குத் தேடத் தெரிந்திருக்க வேண்டும், கையில் கருவியும் மண்வெட்டியும் இருக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுவே. குளிர்காலத்தில் விழும் பனி புதுப்பனி, இறுகாத பனி. சித்திரை, வைகாசியில் பகலில் சற்று உருகி இரவில் உறைந்து, பல நாள் இப்படி நடந்தபின் ஓடையின் பனி கெட்டிப்படும். அப்போதுகூட நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கிளம்பி, மேலே வெயில் படுவதற்குள் ஓடையைவிட்டு வெளியே வந்துவிடுவார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

எனக்கும் இதில் ஒரு சிறிய அனுபவம் உண்டு. 1988இல் எங்கள் பிரிவு நண்பர்கள் ஐந்து பேர் விடுமுறை எடுத்துக்கொண்டு மணாலிக்குப் போனோம். பயிற்சி கொடுத்தவர் குலு பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர். மூன்று நாள் எங்களை எங்கும் ஏறவிடவில்லை. ஒரு சிறிய மேட்டில் வேண்டுமென்றே விழச் சொன்னார். மல்லாக்க விழுவது, குப்புற விழுவது, தலைகீழாக விழுவது, ஒவ்வொரு தடவையும் உடம்பைப் புரட்டிப் பனிக்கோடரியின் மூக்கை மார்புக்குக் கீழே பனியில் அழுத்தி நிறுத்த வேண்டும். "இரண்டு விநாடிக்குள் நிற்கவில்லை என்றால் பிறகு நிற்கவே மாட்டாய்" என்பது அவர் பாடம். கெட்டிப் பனியில் நைலான் சட்டையோடு வழுக்குகிறவன் ரயில் வேகம் பிடித்துவிடுவான். நான்காம் நாள் இருட்டில் ஒரு சின்ன ஓடையில் பாதி தூரம் ஏறினோம். மேல் விளிம்பில் வெயில் தெரிந்ததும் அவர் இறங்கு என்றார். உச்சி கண்ணுக்கெதிரே இருக்கிறது, ஐந்து பேரும் கெஞ்சினோம். அவர் பதில் சொல்லாமல் இறங்க ஆரம்பித்துவிட்டார், நாங்களும் பின்னாலேயே இறங்கினோம். அன்று ஒன்றும் விழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவர் செய்தது சரி. மழைக்கால இரவில் பாட்ரோல் போகும் கேங்மேன் நூறு இரவு ஒன்றையும் காணாமல் திரும்புகிறான் என்பதற்காக அவனை வீட்டில் உட்காரச் சொல்கிறோமா?

இப்போது நண்பர்கள் கூட்டத்துக்கு வருகிறேன். நண்பர்களோடு போவதுதான் பாதுகாப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். "அவனெல்லாம் கூட இருக்கான், பார்த்துக்குவாங்க" என்கிறார்கள். பாதி உண்மை. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்ற முடியும். ஆனால் பயிற்சி இல்லாதவர்கள் கயிற்றில் கட்டிக்கொண்டால் ஒருவன் வழுக்கும்போது மற்றவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவான். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கயிறும் இருக்கிறது. ஆறு பேரில் ஒருவனுக்குத் தலை வலிக்கிறது, அல்லது பயமாக இருக்கிறது. திரும்பலாம் என்று சொல்ல வாய் வராது. மற்ற ஐந்து பேரும் தைரியமாக இருக்கிறார்கள் என்று அவன் நினைக்கிறான், அந்த ஐந்து பேரிலும் இருவர் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் கூட இருந்தால் பையன்களுக்கு வீராப்பு இன்னும் கொஞ்சம் கூடும், இது உலக இயல்பு. இவ்வளவு பணம் கட்டி, லீவு போட்டு, தேராதூன் வரை வந்துவிட்டோமே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும்.

சிக்னல் சிவப்பாக இருந்தால் டிரைவரும் கார்டும் கூடி ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. அதைவிட முக்கியம், பாதையில் ஆபத்தைக் கண்டால் சாதாரண கேங்மேன் சிவப்புக் கொடி காட்டி எந்தப் பெரிய எக்ஸ்பிரஸையும் நிறுத்தலாம். ஏன் நிறுத்தினாய் என்று அவனை யாரும் கேலி செய்வதில்லை. மலைக்குப் போகும் நண்பர்கள் வீட்டிலிருந்து கிளம்புமுன் இந்த ஒரு விதியைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: ஆறில் ஒருவர் திரும்பலாம் என்றால் ஆறு பேரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக்கூடாது, ஊருக்கு வந்தபின் அதைச் சொல்லிக் கிண்டலும் செய்யக்கூடாது.

அனுபவமுள்ள கூட்டங்களுக்கும் விபத்து நேர்ந்திருக்கிறது. 2024 ஜூன் தொடக்கத்தில் கர்நாடகத்திலிருந்து 22 பேர் கொண்ட குழு உத்தரகாண்டில் சகஸ்ர தால் என்னும் ஏரிக்குப் போனது. சுமார் 14,500 அடி உயரம். மலை நடையில் பழகியவர்கள் அதில் பலர், வயதில் மூத்தவர்களும் இருந்தார்கள். திரும்பும் வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கண்ணுக்கெதிரே கை தெரியாத வெண்மையில் ஒதுங்க இடமின்றி ஒன்பது பேர் இறந்தார்கள். அது கோடைக்காலம், அவர்கள் ஏறியது ஓடையும் அல்ல. தமிழ்நாட்டிலேயே 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பள்ளத்தில் நெருப்பு எப்படி மேலேறும் என்று தெரிந்தவர்கள் அந்த மார்ச் வெயிலில் அந்தப் புல்மலையில் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் வழி என்ன? முறையாகக் கற்றுக்கொள்வதுதான் வழி. டார்ஜிலிங்கில் 1954இலும், மணாலியில் 1961இலும், உத்தரகாசியில் 1965இலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்களைத் தொடங்கினார்கள். காஷ்மீரில் பகல்காமிலும் ஒன்று உண்டு. எவரெஸ்ட் ஏறிய டென்சிங்கே டார்ஜிலிங் நிலையத்தில் களப்பயிற்சி இயக்குநராக இருந்தவர். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். முதலில் பாறை, பிறகு பனி, பிறகு உயரத்தில் தங்குதல். அரசு ஆதரவுள்ள நிலையங்களாதலால் இந்தியர்களுக்குக் கட்டணம், தனியார் சுற்றுலாவோடு ஒப்பிட்டால், மிகவும் நியாயமானது. முடிவில் தரம் போடுவார்கள், 'ஏ' தரம் வாங்கியவர்களுக்கே மேற்பயிற்சியில் இடம்.

இதை நான் சொன்னதும் ஒரு நண்பர், நன்றாகப் படிக்கிறவர், மடக்கினார். "உத்தரகாசி நிலையத்துப் பிள்ளைகளே பனியில் போனார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. 2022 அக்டோபர் 4ஆம் தேதி காலை, திரௌபதி கா டண்டா என்னும் சிகரத்தில் மேற்பயிற்சிக் குழு ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்து 29 பேரைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாள் இடைவெளியில் ஏறிய சவிதா கன்ஸ்வால் அங்கே பயிற்றுநராக இருந்தவர், அவரும் அதில் இறந்தார். அந்தப் பெண்ணுக்குத் தெரியாததையா நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வரப்போகிறார்கள்?

இதற்கு என்னிடம் ஆறுதலான பதில் கிடையாது. பயிற்சி ஆபத்தைப் போக்கிவிடும் என்று நான் பெற்றோரிடம் சொன்னால் அது பொய். பயிற்சி செய்வது வேறு: எது ஆபத்து என்று பார்க்கக் கண் கொடுக்கும். பயிற்சி பெற்றவர்களில் பலர் அதற்குப்பின் ஏறுவதைவிடத் திரும்பி வருவதையே அதிகம் செய்கிறார்கள். நான்கு வாரம் அங்கே இருந்துவிட்டு, எனக்கு இது வேண்டாம் என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால் அதுவும் லாபம்தான். தெரிந்து ஏற்றுக்கொள்ளும் ஆபத்து என்று ஒன்று உண்டு, நம் வீடுகளிலும் ரயில்வேயிலும் ராணுவத்திலும் அதை ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். யூட்யூபில் பார்த்துவிட்டுப் போவது அந்த வகையில் சேராது.

இந்த உஷ்ணப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 மே 25ஆம் தேதி, ஆந்திரம் பிரிவதற்கு ஒரு வாரம் முன்பு, எவரெஸ்ட் உச்சியில் நின்ற மாலாவத் பூர்ணாவுக்கு 14 வயதுகூட நிறையவில்லை. நிஜாமாபாத் மாவட்டத்துக் கூலி விவசாயிகளின் மகள், அரசு சமூகநல விடுதிப் பள்ளி மாணவி. கூடவே ஏறிய ஆனந்தகுமார் கம்மம் மாவட்டத்துப் பையன். நிஜாமாபாத் கோடை நம் சித்தூர்க் கோடையைவிடச் சாது அல்ல. அவர்களை யாரும் நேராகப் பனியில் கொண்டுபோய் விடவில்லை. புவனகிரிப் பாறையில் ஆரம்பித்து, டார்ஜிலிங்கில் பயின்று, லடாக் குளிரில் பழகி, நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் சலித்துச் சலித்துக் கடைசியில் தேறியவர்கள் இரண்டு பேர். நம் தமிழ்ப்பெண், விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியும் 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவரே முதல்வர். ஆகவே, பையனை அனுப்பலாம், பெண்ணை அனுப்பமாட்டோம் என்று நம் குழுவில் இரு குடும்பங்கள் பேசுவதை நான் ஏற்கவில்லை. மறுப்பதானால் ஆறு பேருக்கும் ஒரே காரணத்துக்காக மறுக்கட்டும்.

உடம்பைத் தயார் செய்ய இமயம் வரை போக வேண்டாம். ஸ்ரீனிவாச மங்காபுரத்திலிருந்து ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலைக்கு 2,388 படி, அலிபிரி வழியாக 3,550. வாரம் ஒருமுறை முதுகில் சுமையோடு ஏறினால் முழங்காலும் மூச்சும் தேறும், புண்ணியமும் சேரும். ஆனால் திருமலை சுமார் 3,000 அடிதான், உயரத்துக்கு உடம்பைப் பழக்க அது உதவாது. 10,000 அடிக்கு மேல் போனால் படுக்கும் இடத்தை நாளுக்கு 1,000 முதல் 1,500 அடிக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். தலைவலியும் வாந்தியும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போவதில்லை, கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஜீன்ஸ் பேண்ட்டும் பருத்திப் பனியனும் வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

செயற்குழுவுக்கு என் யோசனை இது. ஆண்டுவிழாவில் பட்டிமன்றத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாம் செலவழிப்பதில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு, ஒருவர் கட்டாயம் பெண்ணாக, அடிப்படைப் பயிற்சிக் கட்டணத்தைச் சங்கமே கட்டலாம். இப்போதைய ஆறு பேரும் இந்த ஜனவரிப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் விண்ணப்பிக்கட்டும். இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன, எனவே தாமதிக்கக்கூடாது. மருத்துவச் சான்று வேண்டும், 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். படிவங்களை நிரப்புவதில் சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் என் வீட்டுக்கு வரலாம், பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வந்தால் நல்லது.